கரையில் எடுத்த படம் கரைக்குத் திரும்புமா? பாக் நீரிணையும் சமகாலக் கலைக் கண்காட்சிகளும்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையைப் பற்றிப் படங்களுக்குப் பஞ்சமில்லை. தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயம், பாம்பன் பாலம், கைதாகித் திரும்பிய மீனவர்கள், மணல் திட்டில் இறக்கிவிடப்பட்ட அகதிக் குடும்பங்கள் என்று இந்தக் கரை ஓயாமல் படமெடுக்கப்படுகிறது. பாக் நீரிணையின் இரு பக்கத்துத் துயரத்தையும் பொருளாகக் கொண்ட ஓவியங்களும் நிறுவல் கலைப் படைப்புகளும் கடந்த முப்பது ஆண்டுகளில் கொழும்பு, கொச்சி, சென்னை, டாக்கா, லண்டன் வரை போயிருக்கின்றன. ராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபம், தொண்டி வரை அவை வந்ததாகத் தெரியவில்லை. அரசியல், சமூக நிலையின்மைக்குக் கலைக் கண்காட்சிகள் எப்படி முகம் கொடுத்திருக்கின்றன என்று பார்க்கும்போது, இந்த இடைவெளியைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு கண்காட்சியின் தரத்தை அது எதைக் காட்டுகிறது என்பதோடு, யாரோடு சேர்ந்து உருவானது, யார் முன்னால் வைக்கப்பட்டது என்பதையும் கொண்டு அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

எந்த நிலையின்மை?

பொதுவாகப் பேசினால் இந்தச் சொல் காற்றில் கரைந்துவிடும். இந்தக் கரையில் அதற்குத் தேதிகள் உண்டு. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையின் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும் அவர்களைக் கேட்காமலே முடிவானது. அடுத்த இரண்டு மாதத்துக்குள், டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் ஆட்களோடு கடலுக்குள் போனது. ஊர் போன பிறகு, ஒப்பந்தப்படி திரும்பியவர்கள் ராமேஸ்வரத்தில் கப்பலிலிருந்து இறங்கினார்கள்.

1974, 1976 ஒப்பந்தங்கள் கச்சத்தீவையும் அதைச் சுற்றிய மீன்பிடியையும் மீனவரின் கையிலிருந்து எடுத்தன. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு அலையலையாக அகதிகள் வந்தனர். போர்க்காலம் முழுவதும் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். இன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. 2021இல் தமிழக அரசு இவற்றை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. பெயர் மாறினாலும் குடியுரிமை வரவில்லை. 2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது, பால்மாவுக்கும் அரிசிக்கும் வழியில்லாத குடும்பங்கள் மறுபடியும் அரிச்சல்முனை மணல் திட்டுகளுக்கு வந்து சேர்ந்தன.

இவற்றுக்கு நடுவே அன்றாடம் நடக்கும் கைதுகள், படகுப் பறிமுதல்கள். அவற்றின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். நம் விசைப்படகுகளின் இழுவை மடி வட இலங்கைத் தமிழ் மீனவரின் வலையை அறுக்கிறது, கடலடியை வழிக்கிறது. இரு கரையிலும் ஒரே மொழி பேசுகிறவர்கள் ஒரே கடலில் எதிரெதிரே நிற்கிறார்கள். இந்தச் சிக்கலுக்கு முகம் கொடுக்காத எந்தக் கண்காட்சியும் பாக் நீரிணையைப் பற்றியதாகாது.

அரண்மனைச் சுவரில் தொடங்கிய மரபு

அரசியல் கலங்கிய காலத்தில் படம் வரைந்து காட்டுவது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தை எழுப்பியவர் கிழவன் சேதுபதி. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் அதன் சுவர்களில் ஓவியங்கள் தீட்டப்பட்டன. ராமாயணக் காட்சிகளுக்குப் பக்கத்திலேயே தஞ்சை மராத்தியரோடு நடந்த போர் இருக்கிறது. ஐரோப்பியர் வந்து சேதுபதியைக் காண்கிறார்கள். ராஜராஜேஸ்வரி தன் கையால் அவருக்குச் செங்கோல் தருகிறாள்.

தஞ்சை ஒரு பக்கம் நெருக்க, கடலோர வணிகத்தில் டச்சுக்காரர் மறுபக்கம் நெருக்க, அந்த நெருக்கடிக்கு நடுவில் ஓர் ஆட்சி தன் உரிமையைச் சுவரில் எழுதி வைத்தது. முத்து விஜய ரகுநாதர் மறைந்த சில ஆண்டுகளிலேயே வாரிசுச் சண்டையில் நாடு பிளந்து சிவகங்கை தனியானது. ஓவியம் காட்டிய உறுதி நாட்டில் இருக்கவில்லை. தர்பாருக்கு வரும் தூதரும் பாளையக்காரரும் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தீட்டிய படங்கள் அவை. முத்துக் குளித்தவரும் வலை இழுத்தவரும் அந்தச் சுவரின் நாயகர்கள் அல்ல. அதிகாரம் தன்னைப் பற்றித் தானே நடத்தும் கண்காட்சிக்கு நம் மாவட்டத்தில் கிடைக்கும் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இது.

அதே மரபின் இன்றைய வடிவம் பேய்க்கரும்பில் இருக்கிறது. 2017 ஜூலை 27இல் திறக்கப்பட்ட அப்துல் கலாம் தேசிய நினைவகத்தில், வீணை வாசிக்கும் கலாமின் சிலையருகே பகவத் கீதை செதுக்கப்பட்டிருந்தது. கண்டனம் எழுந்ததும் குடும்பத்தார் குர்ஆனையும் பைபிளையும் அருகில் வைத்தார்கள். அதற்கும் எதிர்ப்பு வந்தது. ராமேஸ்வரத்தின் மரைக்காயர் குடும்பத்தில் பிறந்து, கோயில் ஊரின் தெருக்களில் வளர்ந்த ஒருவரின் பக்கத்தில் எந்த நூலை வைப்பது என்பதே ஒரு தேசத்தின் சண்டையானது. காட்சிக்கு வைக்கும் ஒவ்வொரு பொருளும் அரசியல் பேசும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

யாழ்ப்பாணம் காட்டிய வழி

ஆட்சியாளரின் சுவரை விட்டு மக்களின் பொருளுக்குக் கலை இறங்கி வந்ததைக் காணக் கடலைத் தாண்ட வேண்டும். இலங்கையின் சமகாலக் கலையில் திருப்பம் 1990களில் வந்தது. ஜகத் வீரசிங்க 1992இல் ‘பதற்றம்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் நடத்திய கண்காட்சி அதன் தொடக்கங்களில் ஒன்று. சந்திரகுப்த தேனுவர சோதனைச் சாவடிகளில் நின்ற தகரப் பீப்பாய்களையே தன் கலையின் மொழியாக்கி, 1997இல் ‘பேரலிசம்’ என்று அதற்குப் பெயரிட்டார். 1983இன் அந்தக் கறுப்பு ஜூலையை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் ஜூலை 23இல் கொழும்பில் கண்காட்சி திறப்பதை அவர் ஒரு கடமையாகவே செய்துவருகிறார். சிங்களக் கலைஞர் ஒருவர் தமிழருக்கு இழைக்கப்பட்ட அநீதியை மறக்கவிடாமல் தன் சமூகத்தின் முன்னால் வைப்பது, நம் தரப்பின் பிழைகளைப் பேசத் தயங்கும் நமக்குப் பாடம்.

2002 போர்நிறுத்தம் யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 சாலையைத் திறந்தது. தீர்த்தா கலைஞர் அமைப்பு 2004இல் ‘அகம் புறம்’ என்ற கண்காட்சியை யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் நடத்தியது. 1981இல் எரிக்கப்பட்டுப் பின்னர் கட்டியெழுப்பப்பட்ட அதே நூலகம். தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் கலைஞர்கள் பங்கெடுத்தார்கள். அங்கே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தா. சனாதனன் வைத்த படைப்பு, வரலாறுகளின் வரலாறு எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்டது. வீடு வீடாக மக்கள் கொடுத்த சாதாரணப் பொருள்களே அதன் உள்ளடக்கம். இடம்பெயர்ந்தபோது கையோடு எடுத்துப் போனதும், திரும்பி வந்தபோது மிஞ்சிக் கிடந்ததும் காட்சிப்பொருளாயின. கொடுத்தவர்களே வந்து பார்த்தார்கள். போரைப் பற்றிய தீர்ப்பு எதையும் சுவரில் எழுதாமல், இழப்பின் சாட்சிகளை ஒரு நகரத்தின் முன்னால் அந்த நகரமே அடுக்கிவைத்தது.

சனாதனனின் அடுத்த பெரும் பணி 2011இல் நூலாக வந்தது. முற்றுப்பெறாத தோம்பு என்று அதன் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். காணிகளையும் உடைமைகளையும் பதிந்து வைத்த காலனியகாலப் பதிவேட்டின் வடிவில், அரசாங்க அலுவலகக் கோப்பைப் போலவே அது அமைந்திருக்கிறது. போரில் வீடிழந்த தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தங்கள் வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னார். கிணறு எங்கே, வேப்பமரம் எங்கே, அடுப்படி எந்தத் திசையில் என்று அவர்கள் கோணல்மாணலாகக் கோடிழுத்தார்கள். அதே கோட்டைக் கட்டடக் கலைஞர் அளவெடுத்த வரைபடமாகத் திருப்பி வரைந்தார். அதன்மேல் சனாதனனின் ஓவியம் வருகிறது. ஒரே வீடு மூன்று தரம் எழுகிறது, மூன்று தரமும் அதற்குள் போக வழியில்லை. உறுதிப்பத்திரம் தொலைந்தவரின் நினைவுக்கு ஆவணத்தின் மதிப்பைக் கொடுத்ததுதான் இந்தப் படைப்பின் சாதனை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் வீடுகளும் அதே கோப்பில் இருப்பது அதன் நேர்மை.

இந்த வழியில் ஜாஸ்மின் நிலானி ஜோசப் வேலிகளையும் கைவிடப்பட்ட வீடுகளையும் நுண்கோடுகளில் வரைகிறார். 2019 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய இலங்கை நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் தன் முதல் கண்காட்சிக்கு ஈழக் கவிஞர் சேரனின் கவிதை வரியிலிருந்து தலைப்பெடுத்தது. டாக்கா கலை உச்சிமாநாட்டில் 2018இல் முதன்முதலாக வைக்கப்பட்ட கண்காட்சி அது. கொழும்பு அருங்காட்சியகத்தில் விளக்கப் பலகைகள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கின்றன. நம் ஊர்க் காட்சிக்கூடங்களுக்கு இந்த ஒரு செய்தியே போதிய குட்டு.

கொச்சியில் நின்ற கடல்நீர்

2016–17 கொச்சி–முசிறி பினாலேயில் சனாதனன் நூலக அட்டைப்பெட்டியின் வடிவில் ஒரு படைப்பு வைத்தார். இழுப்பறையைத் திறந்தால், போருக்குள் வாழ்ந்து சமாளித்த மனிதரின் கதைகள் அட்டைகளில் இருந்தன. படிக்க வேண்டுமானால் கையால் தேட வேண்டும்.

அதே பினாலேயில் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரீத்தா, ஆஸ்பின்வால் மாளிகையின் பெரிய கிடங்கு ஒன்றில் கடல்நீரை நிரப்பினார். சுவரிலிருந்த வரிகளைப் படிக்க, கணுக்கால் நனைய நீருக்குள் நடந்து போக வேண்டும். துருக்கிக் கரையில் ஒதுங்கிய சிறுவன் ஆலன் குர்தியின் படத்தை 2015இல் உலகமே பார்த்தது. அவனோடு மூழ்கிய அண்ணன் காலிபின் படத்தை யாரும் பார்க்கவில்லை. படமில்லாத அந்தப் பிள்ளைக்காகத்தான் சுரீத்தா அந்த அறையைக் கட்டினார்.

பாக் நீரிணையில் படகு கவிழ்ந்து போன பிள்ளைகளுக்கும் படமில்லை. கொச்சியிலிருந்து ராமேஸ்வரம் ஒரு நாள் பயணத்துக்குள் இருக்கிறது. அந்த அறையில் நின்றவர்களுக்கு மத்தியதரைக் கடல் நினைவுக்கு வந்தது. சனாதனனின் இழுப்பறைகளைத் திறந்தவர்களுக்கு ஈழம் நினைவுக்கு வந்தது. இரண்டும் சேர்ந்து மண்டபம் அகதி முகாமை நினைவூட்டவில்லை என்றால், அந்தக் குறை படைப்புகளுடையது இல்லை. முகாமிலிருப்பவர்களைக் காட்சிக்கூடத்துக்குப் பார்வையாளராக அழைக்கும் வழக்கம் நம் நாட்டில் இன்னும் வரவில்லை.

தமிழ்நாட்டின் கணக்கு

தமிழ்நாட்டில் அரசியலைத் தூரிகையால் பேசியவர்களில் ஓவியர் புகழேந்தி தனித்துச் சொல்லப்பட வேண்டியவர். ஈழப் போரைப் பொருளாகக் கொண்ட ‘புயலின் நிறங்கள்’ உட்பட அவருடைய ஓவியத் தொடர்கள் ஊர் ஊராகப் போயின. விமர்சகர்கள் அவற்றில் முழக்கம் மிகுதி என்பார்கள். அந்த விமர்சனத்தில் உண்மை உண்டு. ஆனால் கண்காட்சி என்ற சொல்லையே கேள்விப்படாத ஊர்களுக்குப் படத்தைத் தூக்கிச் சென்ற உழைப்பை எந்த விமர்சனமும் சிறிதாக்க முடியாது.

2016இல் தொடங்கிய சென்னை புகைப்பட பினாலே தன் முதல் பதிப்பில் பறக்கும் ரயில் நிலையங்களிலும் படங்களை வைத்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய மூன்றாம் பதிப்பு ‘மேப்ஸ் ஆஃப் டிஸ்கொயட்’ என்று பெயரிட்டு, அமைதியிழந்த காலத்தையே தன் பொருளாக அறிவித்தது. நீலம் பண்பாட்டு மையத்தின் ‘வானம்’ கலைத் திருவிழா சாதியின் வன்முறையையும் அதற்கெதிரான வாழ்வையும் காட்சிக்குக் கொண்டுவந்தது. 1957இன் முதுகுளத்தூர் கலவரத்தையும், அதே ஆண்டு செப்டம்பர் 11இல் நடந்த இமானுவேல் சேகரன் படுகொலையையும், 2011இல் அதே நாளில் நடந்த பரமக்குடி துப்பாக்கிச் சூட்டையும் சுமக்கும் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு அப்படியொரு விழா சென்னையை விட அவசரமாகத் தேவை.

இந்தக் கரையை மிக நெருக்கமாகப் பார்த்த கண் எம். பழனி குமாருடையது. கிராமப்புற இந்தியாவை ஆவணப்படுத்தும் ‘பாரி’ இதழுக்காக அவர் எடுத்த பாசி எடுக்கும் பெண்களின் படங்களைக் கவனியுங்கள். தண்ணீருக்கடியில் ஒரு பெண் குனிகிறார். கண்ணில் கண்ணாடி, விரல்களில் பாறை கிழிக்காமலிருக்கச் சுற்றிய துணி, இடுப்பிலிருந்து மிதக்கும் வலைப்பை. கேமராவும் அவரோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நீருக்குள் இருக்கிறது. மன்னார் வளைகுடா 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவான பிறகு, தலைமுறையாக இறங்கிய தீவுக் கரைகளில் இவர்கள் அத்துமீறியவர்களாகக் கணக்கிடப்படுகிறார்கள். அந்தப் படம் அழகாக இருப்பதால் அரசியல் குறைந்துபோகவில்லை. உழைப்பின் நுட்பத்தைக் காட்டியபிறகு, இவரைத் திருடர் என்று யாராலும் சொல்ல முடியாது.

திரைப்படத்திலும் ஒரு சான்று உண்டு. லீனா மணிமேகலை, ஷோபாசக்தியோடு சேர்ந்து எழுதி இயக்கிய ‘செங்கடல்’ தனுஷ்கோடி மீனவரையும் அகதிகளையுமே நடிகராக்கியது. 2011இல் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அனுமதி தந்தது.

புலம்பெயர் தமிழரிடையே கிறிஸ்டோபர் குலேந்திரன் தாமஸ் 2022இல் லண்டனிலும் பெர்லினிலும் நடத்திய கண்காட்சி, தோற்றுப்போன ஈழத்தின் கனவைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு மறுகற்பனை செய்தது. துணிச்சலான முயற்சி. ஆனால் அந்தக் கற்பனையில் வாழும் இடம், நாற்பது ஆண்டாக முகாமின் பத்துக்குப் பத்து அறையில் வாழ்கிறவருக்கு வெகு தொலைவு.

அச்சமும் மறுப்பும்

நிலையின்மையைக் காட்டும் கண்காட்சியே நிலையின்றிப் போவதும் உண்டு. பாபர் மசூதி இடிப்புக்குப் பின் 1993இல் சஹ்மத் அமைப்பு நடத்திய ‘ஹம் சப் அயோத்யா’ கண்காட்சி தாக்கப்பட்டது. ராமரையும் சீதையையும் உடன்பிறந்தோராகச் சொல்லும் பௌத்தக் கதை மரபைக் குறிப்பிட்ட ஒரு பலகை நாடாளுமன்றம் வரை போனது. சென்னையில் 2008இல் லலித் கலா அகாதமியில் ஔரங்கசீப் பற்றிய கண்காட்சியை எதிர்ப்பு வந்ததும் போலீஸ் நிறுத்தியது. 2019 ஜனவரியில் லயோலா கல்லூரியில் நடந்த கலைவிழாவின் ஓவியங்களுக்கு எதிர்ப்புக் கிளம்பியது. கல்லூரி வருத்தம் தெரிவித்தது. இந்த மூன்றும் ஒரே கட்சியின் வேலையல்ல, ஒரே மதத்தின் கோபமுமல்ல. படத்துக்குப் படத்தாலும் பேச்சாலும் பதில் சொல்லும் பொறுமை எல்லாத் தரப்பிலும் குறைந்திருக்கிறது. சேது, ராமர், மசூதி, தர்கா, தேவாலயம் எல்லாம் நெருங்கி நிற்கும் ராமேஸ்வரத்தில் அந்தப் பொறுமை இல்லாமல் எதையும் காட்ட முடியாது.

கலையால் என்ன ஆகும்?

கண்காட்சி வைத்தால் கைதான மீனவர் வந்துவிடுவாரா என்ற கேள்வி நியாயமானது. வரமாட்டார். ஆனால் கலைக்கும் வேலை உண்டு. பிக்காசோவின் ‘குவெர்னிகா’ 1939 ஜனவரியில் லண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்த வைட்சேப்பல் காட்சிக்கூடத்துக்கு வந்தபோது, ஸ்பெயின் போர்முனைக்கு அனுப்ப ஒரு ஜோடி பூட்ஸ்தான் நுழைவுக் கட்டணமாகக் கேட்கப்பட்டது. தொழிலாளர்கள் பூட்ஸைக் கொடுத்துவிட்டுப் படத்தைப் பார்த்தார்கள். பிறகு மான்செஸ்டரில் கார் விற்கும் கடையொன்றில் அந்த ஓவியம் மாட்டப்பட்டது. போரில் குடியரசு தோற்றது. ஆனால் குவெர்னிகா நகரத்தின் மீது குண்டு போட்டதை உலகம் மறக்காமலிருக்க இன்றுவரை அந்த ஓவியமே காரணம்.

துயரத்தை அழகாக்குகிறார்கள் என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. சில கண்காட்சிகளுக்கு அது பொருந்தும். தனுஷ்கோடியை இடிபாட்டின் எழிலாக மட்டும் காட்டும் படங்கள், அங்கே ஓலைக் குடிசையில் இன்றும் வாழும் மீனவக் குடும்பங்களைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளுகின்றன. மருந்து சனாதனனிடம் இருக்கிறது. படைப்பின் பொருளைக் கொடுத்தவரே படைப்பின் முதல் பார்வையாளராக இருந்தால், பொய்யான அழகு அவர் கண்ணுக்குத் தப்பாது.

இங்கே, இப்போது

மும்பையின் கேம்ப் கலைக் குழு, கட்ச் வளைகுடா மாலுமிகள் தங்கள் கைபேசியில் எடுத்த காணொளிகளைக் கோத்து 2013இல் ஒரு முழுநீளப் படமாக்கியது. உலக விழாக்களுக்கு அது போனது. நம் விசைப்படகிலும் நாட்டுப்படகிலும் போகிறவர்களின் கைபேசிகளில் ரோந்துக் கப்பலின் விளக்கும், அறுந்த வலையும், நடுக்கடல் சமையலும், பாட்டும் கிடக்கின்றன. கைபேசி உடைந்தால் அந்த வரலாறும் போய்விடும். அவற்றை உரியவர் அனுமதியோடு சேகரிப்பது அவசர வேலை.

தமிழக அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் ராமநாதபுரத்துக்கு 21 கோடி ரூபாயில் ‘நாவாய்’ அருங்காட்சியகம் அறிவித்தது. பாண்டியரின் கடல் வணிகப் பெருமையைச் சொல்ல வந்த இடம் அது. பெருமை சொல்லட்டும். அதே கூரையின்கீழ் ஒரு கூடத்தை இன்றைய கடலுக்கு ஒதுக்க வேண்டும் என்று இந்த மாவட்டத்தின் மக்களும் கலைஞர்களும் கேட்க வேண்டும். அந்தக் கூடத்தில் பாசி எடுக்கும் பெண்கள் தங்கள் வலைப்பையைத் தாங்களே விளக்கட்டும். முகாமில் பிறந்த இளைஞர் தான் பார்த்தேயிராத வீட்டைத் தன் தாய் சொல்லக் கேட்டு வரையட்டும். நம் மடியில் வலை அறுந்த யாழ்ப்பாண, மன்னார் மீனவரின் சாட்சியமும் அங்கே இருக்கட்டும்; அது நமக்கு உறுத்தினாலும் இருக்கட்டும். விளக்கங்கள் முதலில் தமிழில் எழுதப்படட்டும்.

இதற்குப் பெரிய பினாலே வேண்டாம். ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ ஒரு பள்ளிக்கூட மண்டபமும், மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு மாதமும் போதும். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். பார்க்க ஆள் இருக்கும். சென்னை, கொச்சி, கொழும்பு அமைப்பாளர்கள் அடுத்த முறை இந்தக் கரையின் படத்தைச் சுவரில் மாட்டும்போது, அதன் ஒரு பிரதியை இங்கே அனுப்பி வைப்பதை விதியாக்கிக்கொள்ள வேண்டும். கரையில் எடுத்த படத்தைப் பார்க்கும் முதல் உரிமை கரையில் இருப்பவருடையது.